நத்தை ஓட்டில் ஒரு குடும்பம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தபோது, என் பேத்தி ஒரு பிளாஸ்ரிக் கோப்பையுடன் வந்து நின்றாள். கோப்பையில் பதினொரு மீன் குஞ்சுகள். ஒவ்வொன்றும் அரிசிமணியைவிடச் சற்றே பெரிது.

"தாத்தா, தொட்டியில இனி இடமில்லைன்னு நேத்து சொன்னீங்கதானே? இதுகள ஓடையில விட்டுடவா? பாவம், பெரிய தண்ணியில சந்தோஷமா நீந்தட்டும்."

எட்டு வயதுக் குழந்தையின் கருணையில் குற்றம் காண இயலுமா? "வேண்டாம்மா" என்று மட்டும் சொல்லிக் கோப்பையை வாங்கிக்கொண்டேன். "ஏன்?" என்று கேட்டாள். நாற்பது ஆண்டுகள் பத்திரிகைக்கு எழுதிய எனக்கு அந்த ஒற்றைச் சொல்லுக்கு உடனே பதில் வரவில்லை. அன்று சொல்லத் தவறியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அந்தக் குஞ்சுகளின் பூர்வீகம் மாத்தளை அன்று. கிழக்காபிரிக்காவின் தங்கனிக்கா ஏரி. தன்சானியா, கொங்கோ, புருண்டி, சாம்பியா ஆகிய நான்கு நாடுகளுக்கிடையே ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நீளத்தில் கிடக்கும் அந்த ஏரியின் மிகக் கூடிய ஆழம் 1,470 மீற்றர். உலகின் நன்னீர் ஏரிகளுள் பைக்கால் ஏரிக்கு அடுத்தபடியாக ஆழமானது அதுவே. அதன் மணற்பாங்கான அடித்தளத்தில் நியோதோமா என்னும் நத்தையினத்தின் வெற்று ஓடுகள் வயல் போலப் பரந்து கிடக்கின்றன. நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருப்பதால் இறந்த நத்தைகளின் ஓடுகள் கரைவதில்லை. நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே கிடக்கும். அந்த ஓடுகளை வீடாகக் கொண்டு வாழப் பழகிய சிக்லிட் மீன்கள் சில உண்டு. அவற்றுள் மிகச் சிறியவற்றில் ஒன்றுதான் என் தொட்டியில் இருப்பது. நியோலம்புரோலோகஸ் மல்டிஃபாசியாட்டஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். மீன் வளர்ப்போர் சுருக்கமாக 'மல்டி' என்பர். ஆண் மீன் நான்கைந்து சென்ரிமீற்றருக்கு மேல் வளர்வது அரிது. பெண் அதனினும் சிறிது.

சிக்லிட் என்றதும் ஏதோ அந்நியமான பெயர் என்று எண்ண வேண்டாம். தம்புள்ளைச் சந்தையில் நாம் வாங்கும் திலாப்பியா அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதுவும் ஆபிரிக்க மீனே. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, குளக்கரை மக்களின் சோற்றுக்குக் கறியாயிற்று. வெளியிலிருந்து வந்த உயிரெல்லாம் தீங்கு என்று சொல்லக்கூடியவன் அல்லன் நான்.

கொழும்பிலுள்ள நண்பர் ஒருவர் தம் தொட்டியிலிருந்து ஏழு மல்டிகளைத் தந்தார். இந்த மீனுக்குக் கடினநீர் வேண்டும், காரத்தன்மையும் வேண்டும். எங்கள் கிணற்று நீர் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும் நீர். மாத்தளைப் பகுதியில் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல்லும் டொலமைற்றும் உண்டென்பது சூளைக்காரர்களும் தோட்டத்து மக்களும் அறிந்தது. இல்லத்தரசியார் ஆண்டாண்டு காலமாகக் குறைசொல்லி வந்த அந்த நீர் மல்டிகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அடுத்து வீடு வேண்டும். நியோதோமா ஓட்டுக்கு நான் எங்கே போவேன்? வேலியோரத்தில் கிடந்த ஆபிரிக்க நத்தையின் ஓடுகளே கைகொடுத்தன. மழைக்கால இரவுகளில் பப்பாசிக் கன்றையும் கீரைப் பாத்தியையும் தின்று தீர்க்கும் அதே நத்தைதான். கட்டைவிரல் நீளமுள்ள வெற்று ஓடுகளாகப் பார்த்து இருபத்தைந்து பொறுக்கினேன். இந்த நத்தையிலிருந்து மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் புழு மனிதருக்குத் தொற்றக்கூடும் என்பதால் கையுறையோடு எடுத்து, நன்றாகக் கொதிக்கவைத்து, உள்ளே எதுவும் எஞ்சாதபடி அலசினேன். அறுபது லீற்றர் தொட்டியில் மூன்று விரற்கடை உயரத்துக்கு நுண்மணல் பரப்பி ஓடுகளை நெருக்கமாக இட்டேன். ஒரே வாரத்தில் மல்டிகள் நான் செய்த ஒழுங்கையெல்லாம் குலைத்துவிட்டன. வாயால் மணலை அள்ளி அள்ளித் துப்பி, ஓடுகளைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, தமக்கு வேண்டியவாறு ஊரை அமைத்துக்கொண்டன. ஒவ்வொரு மீனுக்கும் ஓர் ஓடு. அடுத்த ஓட்டுக்காரர் எல்லை தாண்டினால் ஒரு சிறு சண்டை. நம் ஊர் வேலிச் சண்டைகளை நீதிமன்றச் செய்தியாளனாகப் பல ஆண்டுகள் எழுதியவன் என்பதால் எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை.

பெண் மீன் ஓட்டின் ஆழ்சுருளில் முட்டையிடுகிறது. நம் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பத்து நாளளவில் ஓட்டின் வாயில் ஒரு கண்ணிமை நீளத்தில் குஞ்சுகள் தலைகாட்டும். முதன்முறை அவற்றைக் கண்டபோது நான் ஒரு பெருந்தவறு செய்தேன். சிறுவயதில் கப்பி மீன் வளர்த்தவன் நான். கப்பி தன் குஞ்சையே தின்னும். ஆகவே குஞ்சைக் கண்டதும் பிரித்துவிட வேண்டும் என்பது எங்கள் காலத்துப் பாடம். அதே பாடத்தை இங்கும் நடத்தினேன். ஓட்டை வெளியே எடுத்து, தலைகீழாகப் பிடித்து உலுக்கி, ஆறு குஞ்சுகளைத் தனிப் பாத்திரத்தில் இட்டேன். பொரித்த கோழிமுட்டையின் மஞ்சட்கருவைக் கரைத்து ஊட்டினேன். மூன்றாம் நாள் நீர் கெட்டது. நான்காம் நாள் ஒன்றும் மிஞ்சவில்லை. தாய் மீனோ திரும்ப வைத்த ஓட்டுக்குள் பல நாள் நுழையவேயில்லை.

பின்னர்தான் படித்து அறிந்தேன். மல்டி கூட்டுக்குடும்பமாக வாழும் மீன். ஏரியில் ஒரு கூட்டத்தில் இருபது மீன்கள் வரை ஒன்றாக இருக்கும். அவற்றுள் தலைவனான பெரிய ஆணும், வேறு சில ஆண்களும், பல பெண்களும், வெவ்வேறு பருவத்துக் குஞ்சுகளும் அடக்கம். வளர்ந்தவை தம் கூட்டத்துக் குஞ்சுகளைப் பெரும்பாலும் தின்பதில்லை, காவல் காக்கின்றன. குஞ்சுக்கு மிகப் பாதுகாப்பான இடம் அதன் தாயின் ஓட்டு வாயில்தான். அதைப் பிரித்தெடுத்த கையே அதற்குப் பகையாயிற்று.

அதன்பின் நான் செய்வது மிகக் குறைவு. ஆர்ட்டீமியா முட்டைகளை உப்புநீரில் இட்டு இடைவிடாது காற்றூட்டினால், நம் ஊர் வெப்பத்தில் ஒரு நாளளவில் பொரித்துவிடும். அந்த நுண்ணிய இறாற்பூச்சிகளை நன்னீரில் அலசி, ஊசியில்லா மருந்துக் குழாயால் ஓடுகளுக்கருகே மெல்லப் பீய்ச்சுகிறேன். வடிகட்டிக்குப் பஞ்சு மட்டும்; இயந்திர வடிகட்டியானால் குஞ்சை உறிஞ்சிவிடும். வாரந்தோறும் நீரில் ஒரு பங்கை மாற்றும்போது வெளியேறும் நீரை வெள்ளை வாளியில் பிடித்து, குஞ்சு ஏதும் வந்துவிட்டதா என்று பார்த்த பின்னரே ஊற்றுகிறேன். ஏழு மீன்கள் எழுபதாயின. அதற்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். அதனால்தான் இடமில்லை என்று சொன்னேன். அதனால்தான் கோப்பையோடு வந்து நின்றாள் பேத்தி.

இப்போது அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மல்டிகள் வாழும் அந்த ஓட்டுக்கு ஒரு கதை உண்டு. 1847இல் பென்சன் என்னும் ஆங்கிலேயர், நத்தை ஓடுகளைச் சேகரிப்பதில் பேரார்வம் கொண்டவர், மொரீசியசிலிருந்து சில ஆபிரிக்க நத்தைகளை உயிரோடு கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவை சௌரிங்கியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. யாருக்கும் தீங்கு நினைத்து நடந்த காரியம் அன்று அது. 1900ஆம் ஆண்டளவில் அந்த இனம் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. இன்று என் கீரைப் பாத்தியில் உப்பைத் தூவிக்கொண்டு நிற்கிறேன். ஓர் ஆர்வலரின் கையிலிருந்து இறங்கிய சில நத்தைகள் இவை. யாராலும் இவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடை சுது கங்கையில் சேர்கிறது. 1976 முதல் மகாவலியின் நீரும் பொல்கொல்லையிலிருந்து சுரங்கத்தின் வழியே உக்குவளைக்கு வந்து அதே சுது கங்கையில் விழுகிறது. அது அம்பன் கங்கையாகி, போவதென்னையில் ஒரு பிரிவு சுரங்கம் வழியே கலாவெவவை நோக்கிச் செல்கிறது; மறுபிரிவு மொரகஹகந்தையையும் எலஹெரவையும் கடந்து மின்னேரியாவையும் பராக்கிரம சமுத்திரத்தையும் நிரப்புகிறது. மாத்தளை ஓடையில் விட்டது மாத்தளையோடு நிற்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

அந்த வழியில் யார் குடியிருக்கிறார்கள்? அம்பன் கங்கைப் படுகையில் சிஸ்டோமஸ் மார்ட்டன்ஸ்டைனி என்னும் கெண்டையினம் வாழ்கிறது. கடற்படையில் பணியாற்றிய சுழியோடி செட்ரிக் மார்ட்டன்ஸ்டைனின் பெயரால் 1991இல் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமானது. நக்கிள்ஸ் மலையின் கிழக்குச் சரிவில், லக்கல பகுதியில் ஓடும் களு கங்கையில் (இரத்தினபுரியைக் கடந்து களுத்துறைக்குப் போகும் பெரிய களு கங்கை வேறு) டோகின்சியா ஸ்ரீலங்கென்சிஸ் என்ற கெண்டை உண்டு. ரணில் சேனாநாயக்க 1985இல் விவரித்தது. இவ்விரண்டும் உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. இங்கும் மிகக் குறுகிய இடத்திலேயே உள்ளன. மொரகஹகந்தை நீர்த்தேக்கம் 2017இலும் களு கங்கை நீர்த்தேக்கம் 2018இலும் நிரம்பத் தொடங்கின. வறண்ட வயல்களுக்கு நீர் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஓடும் நீரில் வாழப் பிறந்த மீனுக்கு மிஞ்சியிருக்கும் ஆறு அதனால் இன்னும் குறுகிப்போயிற்று. தங்கனிக்கா ஏரியின் ஆழத்தை இலக்கத்தோடு சொல்லத் தெரிந்த நான், என் மாவட்டத்தின் இந்த இரண்டு மீன்களின் பெயரை அறுபது வயதுக்குப் பிறகுதான் அறிந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மென்மையான ஆற்று நீரில் மல்டி பிழைக்காது என்று நீங்கள் சொல்லலாம். பெரும்பாலும் உண்மைதான். அப்படியானால் பேத்தியின் பதினொரு குஞ்சுகளுக்கு அந்தக் 'பெரிய தண்ணி' சாவாகத்தான் இருந்திருக்கும். பிழைத்திருந்தாலோ, ஆற்றுக்கு அது இன்னொரு பாரம். குஞ்சோடு சேர்ந்து தொட்டியின் நோயும் ஒட்டுண்ணியும் போகும் என்பது வேறு. தொட்டிச் சுவரைத் துப்புரவாக்கும் என்று விற்கப்பட்ட தென்னமெரிக்க மீன், பெருத்துப்போனதால் ஆறுகளில் விடப்பட்டு, இன்று இந்நாட்டு நீர்நிலைகளில் குடியேறிவிட்டது. அதை விட்டவர்களும் "பாவம், நீந்தட்டும்" என்றுதான் விட்டிருப்பார்கள்.

எனக்கும் அதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது. 1970களில் ஊரைவிட்டு வேலைக்குப் போனபோது, என் கப்பிகளை வாளியோடு அதே ஓடையில் கவிழ்த்துவிட்டுப் போனவன் நான். இன்றும் அங்கே கப்பிகள் இருக்கின்றன. நுளம்பை ஒழிக்க மலேரியா ஒழிப்பு ஊழியர்களும் அந்த மீனை விட்டிருக்கிறார்கள். ஆகவே இருப்பவை என்னுடையவைதானா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த ஐயத்தில் ஆறுதல் தேடுவது எனக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. பேத்தி கேட்ட அன்று அந்த ஆறுதல் உதவவில்லை.

அந்தப் பதினொரு குஞ்சுகளையும் அவற்றின் ஓட்டு வாயிலில் அவளே மெல்ல இறக்கினாள். மறுநாள் தொட்டியிலிருந்து எட்டு ஓடுகளை, ஒவ்வொன்றும் வெறுமையா என்று உறுதிசெய்துகொண்டு, எடுத்துவிட்டோம். வீடு குறைந்தால் பெருக்கமும் குறையும். வளர்ந்தவற்றில் முப்பதை, நகரிலுள்ள ஆசிரிய நண்பர் ஒருவர் தம் வெற்றுத் தொட்டிக்கு எடுத்துச் சென்றார். "வேண்டாமென்றால் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஓடையில் மட்டும் விடாதீர்கள்" என்று நான் சொன்னதற்கு அவர் சிரித்தார். பேத்தி சிரிக்கவில்லை. அதையே அவரிடம் இன்னொரு முறை சொல்லி, தலையாட்டும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.