மூத்துசாமி, எர்னெஸ்ட்

பிரெஞ்சுப் பல்கலைக்கழக நூலகங்களில் உள்ள சுவடிகளுக்கும் ஆவணங்களுக்கும் 2007 முதல் இணையத்தில் ஒரு பொதுப் பட்டியல் இருக்கிறது. ‘கலாம்’ என்று பெயர். தூக்கம் வராத இரவுகளில் அதில் காரைக்காலைத் தேடுவது என் பொழுதுபோக்கு. ஊரைத் தேடுவதில் சிரமமில்லை, ‘காரிகால்’ என்று அவர்கள் எழுதுகிறபடி அடித்தால் போதும். ஆளைத் தேடும்போதுதான் வம்பு. நூலகப் பட்டியல் என்றாலே முதலில் குடும்பப் பெயர், அப்புறம் ஒரு காற்புள்ளி, அதன் பிறகுதான் இட்ட பெயர். நம்மவருக்கு உள்ளதோ அப்பா பெயரும் ஊர்ப் பெயரும். அந்தக் காற்புள்ளிக்கு எந்தப் பக்கம் எதை வைப்பது?

அப்போது காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். 1881 செப்டம்பர் 21 தேதியிட்ட ஆணைப்படி, சாதி சமய வழக்கச் சட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக்கொடுத்தவர் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர முடிந்தது, கூடவே ஒரு குடும்பப் பெயரும் சூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லப்போர்த்’ ஆனார். 1873இல் சப்பாத்து போட்டு நீதிமன்றம் வந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்ற அதே ஆள்! தாத்தா ஒரு பெயரில், பேரன் வேறொரு பெயரில். தேடுகிறவன் பாடு திண்டாட்டம்.

கப்பலேறியவர்கள் கதை வேறு. 1861இல் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய துறைகளில் காரைக்காலும் ஒன்று. ஏறியவரின் ஒற்றைப் பெயரே இறங்கிய இடத்தில் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. குவாதலூப்பிலிருந்து பிரெஞ்சு நாடாளுமன்றம் போனவர் எர்னெஸ்ட் மூத்துசாமி. அவருக்குக் காற்புள்ளி ஒழுங்காக விழுகிறது: மூத்துசாமி, எர்னெஸ்ட். ஆனால் அந்த முதல் முத்துசாமி யார் மகன், எந்த ஊர்? பிரான்சின் எக்ஸ் நகரிலுள்ள குடியேற்றநாட்டு ஆவணக்காப்பகம் காரைக்காலின் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. புரட்டிப் பார்க்கலாம். முத்துசாமிகளுக்கா பஞ்சம்? அவன் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து வந்து ஏறியவனாக இருந்தால் அதிலும் இருக்கமாட்டான்.

காரைக்காலிலிருந்து புறப்பட்டு உலகத்து நூலகங்களிலெல்லாம் இடம்பிடித்த ஒருத்தி உண்டு, காரைக்கால் அம்மையார். குடும்பப் பெயர் இல்லாமலே போனவள். அற்புதத் திருவந்தாதி முடிவில் அவள் போட்ட கையெழுத்து ‘காரைக்கால் பேய்’. ஊரும் உருவமும் போதும் என்று நினைத்திருக்கிறாள். அப்பா பெயர் இல்லை, கணவன் பெயர் இல்லை. புனிதவதி என்ற பெயரையே பல நூற்றாண்டு கழித்துச் சேக்கிழார் சொல்லித்தான் நமக்குத் தெரியும். அவரே ஒரு குழப்பமும் வைத்துவிட்டுப் போனார். அவள் வேண்டி மாம்பழம் வரவழைத்ததைக் கண்டு பயந்துபோன கணவன் பரமதத்தன் கப்பலேறி, பாண்டிநாட்டில் இன்னொருத்தியைக் கட்டி, பிறந்த பெண்ணுக்கும் புனிதவதி என்றே பெயரிட்டான். ஒரே பெயரில் இருவர் வந்தால் பிறந்த ஆண்டைப் போட்டுப் பிரித்துக்காட்டுவது நூலக வழக்கம். இவர்களுக்கு எந்த ஆண்டைப் போடுவது?

பரமதத்தனைப் பற்றிப் பட்டியல்காரர்கள் கவலைப்பட வேண்டாம். அவன் எதையும் எழுதி வைக்கவில்லை.