தீட்டில்லாத துக்கம்

உற்றார் இறந்தால் எத்தனை நாள் துக்கம் காக்க வேண்டும் என்பதற்கு நம்மவரிடம் கணக்கு உண்டு. பங்காளிக்கு இத்தனை, தாய்மாமனுக்கு இத்தனை என்று பாட்டிமார் விரல் மடக்கிச் சொல்லிவிடுவர். நண்பனுக்கு மட்டும் அக்கணக்கில் இடமில்லை. புறநானூற்றுக் காலத்தில் நிலைமை வேறு போலும். வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், தான் கண்டேயிராத பிசிராந்தையாருக்குத் தன்னருகே இடம் ஒதுக்கச் சொன்னான். அவரும் வந்து உயிர் துறந்தார். நாங்கள் நால்வரோ, தில்லி கரோல்பாக்கில் நண்பரோடு ஒரே அறையில் ஆறாண்டும், மணமான பின் அடுத்தடுத்த தெருக்களில் பன்னிரண்டாண்டும் வாழ்ந்தவர்கள். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. நான்கு வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவரே மாமா.

ஒரே பிரிவில் எழுத்தர்களாக இருந்தோம். ஆயினும் அவர் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர். விடுமுறை வந்தால் நாங்கள் நெல்லைக்கும் குடந்தைக்கும் ரயிலேறுவோம். அவர் மோட்டார் சைக்கிளில் லடாக்குக்குக் கிளம்பிவிடுவார். கர்துங்லா கணவாயின் உயரம் 18,380 அடி என்று அங்கே பலகை வைத்திருந்தார்கள். உண்மையில் அது 17,582 அடியே என்று பின்னர் அறிந்தபோது அவர் சிரித்த சிரிப்பு, எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாளை மாடத்துக்கு வரவழைத்தது. "இமயமலை எனக்கு எண்ணூறு அடி பாக்கி, ஐயா! வசூலிக்காமல் விடமாட்டேன்" என்றார். 19,024 அடி உயரத்திலுள்ள உம்லிங்லா சாலைக்கு 2021இல் கின்னஸ் சான்று கிடைத்ததும், அடுத்த ஜூன் மாதத்தை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்தார்.

2022 பிப்ரவரியில் ஒரு விடியற்காலை, பால் வாங்கக் கதவைத் திறந்தவர் அங்கேயே சாய்ந்தார். மாரடைப்பு. வயது நாற்பத்தாறு. அவர் மலையேறிய நாட்களிலெல்லாம் தொலைபேசி மணிக்கு அஞ்சிக் கிடந்த நாங்கள், அன்று நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தோம்.

ஊரிலிருந்து அண்ணன் விமானத்தில் வந்து சேரும்வரை உடலருகே இருந்தோம். நிகம்போத் கட்டத்தில் அவர் கொள்ளி வைத்தார். கருமாதி ஊரில், எங்களுக்கு அலுவலகம். தற்செயல் விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் எழுதுமிடத்தில், நால்வருமே ஒருவரையொருவர் கேளாமல் "சொந்த அலுவல்" என்று எழுதியிருந்தோம். பிரிவு அதிகாரி நான்கு தாள்களையும் பார்த்தார்; ஒன்றும் பேசாமல் ஒப்பமிட்டார்.

அவ்வாண்டு தீபாவளி கொண்டாடலாமா என்று ஊருக்குத் தொலைபேசியில் கேட்டோம். "நண்பர்தானே, தாராளமாகக் கொண்டாடலாம்" என்றனர் பெரியவர்கள். முறைப்படி அவர்கள் சொன்னது சரியே. நான்கு வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறவில்லை. பிள்ளைகளும் ஏன் என்று கேட்கவில்லை.

மோட்டார் சைக்கிளை அண்ணன் எங்களிடமே விட்டுச் சென்றார். எங்களுள் இருவருக்கே அதை ஓட்டத் தெரியும். மணாலியைத் தாண்டியவர் எவருமிலர். பேட்டரி இறங்கிவிடாதபடி ஞாயிறுதோறும் முறைவைத்து அதைக் கிளப்பிவிட்டு, சற்று நேரம் அருகே நிற்கிறோம்.