‘மன் நஹி லக்தா’ன்னு சொன்னா ஸ்கோர் எவ்வளவு?

கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

திருவள்ளூர்க்காரங்களுக்கு காக்களூர் சிட்கோ நல்லாத் தெரியும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்து பாருங்க. ரீசார்ஜ் கடை, காய்கறி வண்டி, டீக்கடைன்னு எங்க நின்னாலும் ஒடியா, இந்தி, வங்காளம் காதுல விழும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமும் அதே கதைதான். மாவட்டத்துல இருக்கிற செங்கல் சூளைகளுக்கு மேற்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமா வர்றாங்க.

இவங்க மனநலத்தைப் பத்தி ஆய்வு பண்ணணும்னு இப்போ நிறைய மாணவர்கள் ஆர்வமா வர்றாங்க. மருத்துவம், சமூகப்பணி, உளவியல்னு பல துறையிலிருந்தும் வர்றாங்க. ரொம்ப நல்ல விஷயம். அவங்களுக்குக் களப்பயிற்சி கொடுக்கிற வேலையில நானும் இருக்கேன்.

முதல் நாள் வரும்போது எல்லார் கையிலயும் பி.எச்.க்யூ-9 இருக்கும். மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்கப் பயன்படுத்துற கேள்வித்தாள். ஒன்பது கேள்வி. கடந்த ரெண்டு வாரத்துல இது எத்தனை நாள் இருந்துச்சுன்னு கேட்டு, ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 3 வரை மார்க் போடணும். மொத்தம் 27. 10 இல்ல அதுக்கு மேல வந்தா கவனிக்கணும். இந்தியில இருக்கு, ஒடியாவுல இருக்கு, வங்காளத்துல இருக்கு. ‘அப்புறம் என்ன சார் பிரச்சனை?’ன்னு கேப்பாங்க.

பிரச்சனை மூணாவது கேள்வியிலேயே ஆரம்பிச்சிடும். ‘தூக்கத்துல தொந்தரவு இருக்கா?’ இந்த வாரம் பகல் ஷிஃப்ட், அடுத்த வாரம் நைட். தகரக் கூரை ரூம்ல எட்டுப் பேர். ஒருத்தன் தூங்கும்போது இன்னொருத்தன் சமைக்கிறான். அவன்கிட்ட இதைக் கேட்டா என்ன சொல்லுவான்? நாலாவது, சோர்வு. பன்னெண்டு மணி நேரம் மெஷின் முன்னாடி நின்னவனுக்குச் சோர்வு இல்லாம என்ன இருக்கும்? அஞ்சாவது, பசி. மெஸ் சாம்பார் நாக்குல ஒட்டாததுக்குப் பேர் மனச்சோர்வு இல்ல. இந்த மூணுலயே ஆறேழு மார்க் ஏறிடும்.

இதுக்கு நேர் எதிராவும் நடக்கும். உண்மையிலேயே உடைஞ்சு போயிருக்கிறவன் எதுவும் சொல்லாம பூஜ்யத்தோட எழுந்து போயிடுவான்.

‘மன் நஹி லக்தா’ன்னு இந்தியில ஒரு வார்த்தை இருக்கு. நேரா மாத்தினா ‘மனசு ஒட்டல’. வீட்டு ஞாபகம், போர் அடிக்குது, வேலை பிடிக்கல, வாழவே பிடிக்கல, எல்லாத்துக்கும் அந்த ஒரே வார்த்தைதான். நம்ம ஊர்ல ‘மனசு சரியில்ல டாக்டர்’னு சொல்றதும் அப்படித்தானே? புதுசா வர்ற ஆய்வாளர் அதைக் கேட்டதும் 1-னு டிக் பண்ணிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவார். ‘எப்போலிருந்து? அப்படி இருக்கும்போது என்ன பண்ணுவீங்க?’ன்னு ஒரு தடவை கேட்டாத்தான் எந்த ‘மன்’னுன்னு தெரியும்.

இதுல இன்னொரு சிக்கல். வடக்கேருந்து வந்தவங்க எல்லாருக்கும் இந்தின்னு நாம நினைச்சுக்கிறோம். பீகார் ஆள் வீட்டுல பேசுறது போஜ்புரியாவோ மைதிலியாவோ இருக்கும். ஜார்க்கண்ட் ஆள்னா சந்தாலி, முண்டாரி, சாத்ரின்னு எதுவா வேணா இருக்கலாம். சந்தாலிக்குத் தனி எழுத்தே உண்டு, 2003-ல எட்டாவது அட்டவணையிலயும் சேர்த்தாச்சு. மேற்கு ஒடிசாக்காரர் பேசுற சம்பல்புரி, புவனேஸ்வர் ஒடியா மாதிரி இருக்காது. இவங்கள்ல நிறைய பேருக்கு இந்திங்கிறது சூப்பர்வைசர்கிட்ட பேசுற மொழி. ‘ஹாஜி, டீக் ஹை’ன்னு சொல்றதுக்கான மொழி. அழுறதுக்கான மொழி வேற.

ஒரு சம்பவம் சொல்றேன். அடையாளம் தெரியக்கூடாதுன்னு விவரங்களை மாத்தியிருக்கேன்.

ஒரு கம்பெனி ஹெல்த் கேம்ப்ல வேற ஒரு குழு இந்த ஒன்பது கேள்வியையும் கேட்டிருக்காங்க. மொழிபெயர்க்க சூப்பர்வைசரையே உட்கார வெச்சிருக்காங்க. ஒன்பதாவது கேள்வி, செத்துட்டாப் பரவாயில்லன்னோ தன்னையே காயப்படுத்திக்கணும்னோ தோணுச்சான்னு கேக்கிறது. அது சூப்பர்வைசர் வாயில ‘ஏதாச்சும் பிரச்சனை இருக்காடா?’ன்னு ஆயிடுச்சு. ஜார்க்கண்ட் பையன், வயசு இருபதுக்குள்ள. ‘நஹி’ன்னான். மொத்த ஸ்கோர் 2. ஃபைல் க்ளோஸ்.

கொஞ்ச நாள் கழிச்சு எங்க பயிற்சியில இருந்த ஒரு பொண்ணு அவனைப் பார்த்துச்சு. ரூர்கேலா பக்கத்துப் பொண்ணு, சாத்ரி தெரியும். லீவு நாள்ல, கம்பெனிக்கு வெளியே, பேப்பரைப் பையில வெச்சுட்டுப் பேசியிருக்கு. ஊர் எது, வீட்டுல யார் யார், இந்த வருஷம் நாத்து நட்டாச்சான்னு அரை மணி நேரம் இதான் பேச்சு. அப்புறம் அவனே ஆரம்பிச்சான். ‘தீதி, தலைக்குள்ள எறும்பு ஊருது’ன்னான். அக்கா கல்யாணத்துக்கு வாங்கின கடன், காண்ட்ராக்டர் பிடிச்சு வெச்சிருக்கிற சம்பளம், ரெண்டு மாசமாத் தூக்கம் இல்ல. உயிரோட இருக்க வேண்டாம்னு பல ராத்திரி தோணியிருக்கு. அன்னைக்கே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனோம். சிகிச்சை ஆரம்பிச்சாங்க. சென்னையில வேலை பார்த்த அவன் அண்ணனும் வந்து சேர்ந்தார்.

சூப்பர்வைசர் கெட்டவர் கிடையாது. ஆனா சம்பளம், லீவு, ரூம் எல்லாம் அவர் கையில. அவர் முன்னாடி ‘சாகணும்னு தோணுது’ன்னு யார் சொல்லுவாங்க? ஆய்வுக்கு ஒப்புதல் வாங்குறதும் இதே மாதிரிதான். முதலாளி கூப்பிட்டு வரிசையில நிக்க வெச்சு வாங்குற கைநாட்டு ஒப்புதலே இல்லன்னு நான் ஒவ்வொரு பேட்ச்லயும் கத்துறேன். இப்படி மறுக்க முடியாத நிலையில இருக்கிறவங்ககிட்ட கூடுதல் கவனம் வேணும்னு ஐ.சி.எம்.ஆர். 2017 நெறிமுறையும் சொல்லுது. அதைப் படிச்சுட்டு வர்ற மாணவர்கள் கம்மி.

‘எறும்பு ஊருது’ மாதிரி வார்த்தைகளைச் சேகரிச்சு அதிலிருந்தே கேள்வித்தாள் உருவாக்க முடியுமான்னு கேட்டா, முடியும். விக்ரம் படேல் 90-கள்ல ஜிம்பாப்வேயில ஷோனா மொழிக்காரங்களோட வேலை பார்த்தப்போ அதைத்தான் செஞ்சாங்க. அங்க ‘குஃபுங்கிசிசா’ன்னு ஒரு வார்த்தை. ‘ரொம்ப யோசிக்கிறது’ன்னு அர்த்தம். நம்ம பாட்டிங்க ‘யோசனை ஜாஸ்தியாயிடுச்சு’ன்னு சொல்லுவாங்களே, அதேதான். மக்கள் சொன்ன வார்த்தைகளை வெச்சே ஷோனா கேள்வித்தாள் ஒண்ணு உருவாச்சு. பின்னாடி அதே ஊர்ல டிக்சன் சிபாண்டாங்கிற மனநல மருத்துவர் உள்ளூர்ப் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, க்ளினிக் வாசல் பெஞ்சுல உட்கார வெச்சு ஆலோசனை சொல்ல வெச்சார். 573 பேரை வெச்சு நடந்த ஆய்வு 2016-ல வெளியாச்சு. பெஞ்சுல பேசினவங்களுக்கு நல்ல முன்னேற்றம்.

அதனால இப்போ எங்க பயிற்சியில முதல் ரெண்டு வாரம் கேள்வித்தாளைத் தொட விடுறதில்ல. போய்ப் பேசுங்க, கேட்ட வார்த்தையை அவங்க மொழியிலேயே நோட்டுல எழுதுங்க, அவ்வளவுதான் வேலை. சில பேருக்குக் கடுப்பாகும். டேட்டா எப்போ சார் எடுக்கிறதுன்னு கேப்பாங்க. மூணாவது வாரம் ஒவ்வொரு கேள்வியையும் நாலு தொழிலாளர்கிட்ட படிச்சுக் காட்டி, ‘இதை நான் என்ன கேக்கிறேன்னு நீங்க நினைக்கிறீங்க?’ன்னு கேக்கணும். அங்கதான் பாதிக் கேள்வி செத்து விழும்.

ஒன்பதாவது கேள்விக்கு ‘ஆமா’ன்னு பதில் வந்தா அன்னைக்கே யார்கிட்ட கூட்டிட்டுப் போறதுன்னு ஏற்பாடு இல்லாதவங்களை நான் களத்துக்கே அனுப்புறதில்ல. இதுல பேரம் கிடையாது. டெலி மானஸ் 14416 நம்பரையும் எல்லாரும் போன்ல வெச்சிருக்கணும். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ் தவிர இந்தி, வங்காளம், ஒடியான்னு பல மொழியில பேசலாம். இதைப் படிக்கிற கம்பெனி எச்.ஆர். யாராவது இருந்தா, கேன்டீன் சுவத்துல அவங்கவங்க எழுத்துல எழுதி ஒட்டுங்க.

அடுத்த பேட்ச் ஆரம்பிக்கப்போறோம். சந்தாலியோ முண்டாரியோ வீட்டுல பேசுற, பிளஸ் டூ வரைக்கும் படிச்ச யாராவது திருவள்ளூர், அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி பக்கம் இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க. மனநலம் பத்தி முன்கூட்டியே எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டாம். அதை நாங்க சொல்லித் தர்றோம். உதவித்தொகை உண்டு.