பித்தநாளத்து நோய்கள் இரண்டு

மஞ்சளை மங்கலத்திற்கு அறிகுறியாகக் கொள்ளுதல் தமிழ்நாட்டார் வழக்கு. ஆயினும், அம்மஞ்சள் கண்ணின் வெண்மையிற் படருமாயின் அச்சத்திற்கே காரணமாகின்றது. தென்காசிப் பக்கத்தில் கண் மஞ்சளித்தவரைக் கண்டால், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொல்லாதார் இலர். தொற்றினால் வரும் காமாலை பெரும்பாலும் சில கிழமைகளில் தானே தணிவதாதலின், அம்மூலிகையின் புகழ் நிலைத்துவிட்டது. ஆனால், காமாலையனைத்தும் ஓரினத்தன அல்ல என்பதை எம் உறவினர், நண்பரிடையே யாம் அறிய நேர்ந்தது.

எம் அத்தையார் தென்காசியில் வாழ்பவர். ஐம்பது வயதைக் கடந்தவர். அவருக்கு முதலில் தோன்றியது மஞ்சளன்று, அரிப்பே. இரவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் தினவெடுத்து உறக்கத்தைக் கெடுக்கும். சாரற் காலத்துக் குற்றால நீராட்டு அதனை நீக்குமெனப் பலர் கூறவே, ஆனியிலும் ஆடியிலும் ஐந்தருவிக்கு உடன் சென்றோம். நீர் மேலே விழும் பொழுது தினவு அடங்கும். இரவில் மீண்டும் எழும். பின்னர் மருத்துவர் இது கல்லீரல் நோய் எனக் கூறியதும், அண்டை அயலார் சிலர், "குடிப்பழக்கம் உண்டோ?" என்று காதோடு காதாக வினவினர். மதுவின் மணமும் அறியாத அவ்வம்மையாரை நோயினும் அச்சொல்லே மிகுதியாக வருத்திற்று.

அந்நோயின் இயல்பைக் குற்றால மலையைக் கொண்டே விளக்கலாம். திரிகூட மலைமேல் எண்ணிறந்த சிற்றோடைகள் கூடிச் சிற்றாறாகி, அருவியாய் வீழ்ந்து, தென்காசி வயல்களுக்குப் பாய்கின்றன. கல்லீரலிற் சுரக்கும் பித்தநீரும் அவ்வாறே நுண்ணிய நாளங்களிற் புறப்பட்டுப் பெருநாளத்திற் கூடிக் குடலை அடைகின்றது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், வேலியே பயிரை மேய்ந்தாற்போல, அந்நுண்ணிய நாளங்களைத் தாக்கி அழிப்பதே அத்தையாருக்கு வந்த பிரைமரி பிலியரி கொலாஞ்சைட்டிஸ். சிற்றோடைகள் தூர்ந்தன என்க.

குற்றாலத்தில் வாழும் எம் நண்பரொருவருக்கு வந்தது பிரைமரி ஸ்கிளிரோசிங் கொலாஞ்சைட்டிஸ். இதிலோ பெருநாளங்களும் தழும்பேறுகின்றன. ஆற்றுப்படுகை ஓரிடத்துக் குறுகி, ஓரிடத்து மடுவாய் விரிந்தாற்போலாம். காந்தப் படத்தில் அந்நாளம் மணி கோத்தாற்போலத் தோன்றும். இதன் காரணம் இன்னும் முற்றும் தெளியப்படவில்லை.

முன்னது பெரும்பாலும் நடுவயதுப் பெண்டிரைப் பற்றுவது. பின்னது ஆடவரிடத்தும் இளமையிலும் மிகுதி. முன்னதனுக்கு இரத்தத்தில் மைட்டோகாண்டிரியாவை எதிர்க்கும் பொருள் சான்றாகும். நோயாளர் நூற்றுவரில் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோரிடம் அது காணப்படும். பின்னதனுக்கு அத்தகைய தனிச் சான்று இல்லை. ஆயின், நோயுற்றார் பலருக்குப் பெருங்குடல் அழற்சியும் உடனிருக்கும். எம் நண்பரும் பல்லாண்டு குருதிக் கழிச்சலால் வருந்தியவரே. பித்தநாளத்திற் புற்று தோன்றும் அச்சமும் பின்னதற்கு மிகுதி.

இவ்வேற்றுமை அறிதல் வெறும் ஏட்டறிவு அன்று. அர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்னும் மருந்து, உடல் எடை ஒரு கிலோவிற்கு நாள்தோறும் 13 முதல் 15 மில்லிகிராம் வீதம், முன்னதன் வளர்ச்சியைத் தடுக்கின்றது. பின்னதற்கோ அதுவே மிகை அளவிற் கொடுக்கப்பட்டபோது தீங்கு விளைத்ததை 2009-ல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. அதன் போக்கை நிறுத்தும் மருந்து இன்னும் உறுதிப்படவில்லை. ஈரல் மிகக் கெட்டவிடத்து மாற்று ஈரல் பொருத்துதலே வழி. மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ல் இயற்றப்பட்டது. இறந்தோர் உறுப்பை உதவும் திட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் நடைபெறுகின்றது. எம் நண்பர் போன்றாருக்கு நம்பிக்கை அதுவே.

அத்தையாருக்கு மருந்து தொடங்கி மூன்றாண்டாயிற்று. இரத்தச் சோதனையின் அளவுகள் தணிந்துள்ளன. அரிப்பு முற்றும் நீங்கிற்றிலது; அதற்கெனக் கொலஸ்டைரமின் என்னும் பொடியை, முன்னைய மருந்துக்குச் சில மணி நேரம் இடைவிட்டு உண்கின்றார்.

அவர் நோய்க்கு முன்னர் வழங்கிய ஆங்கிலப் பெயரில் 'சிரோசிஸ்' என்னும் சொல் இருந்தது. அச்சொல் குடியை நினைப்பூட்டுவது. நோயாளர் பலர் அந்நிலையை அடையாமலே வாழ்வதும் தெளிந்தது. ஆதலின் 2015-ல் அறிஞர் அப்பெயரை மாற்றினர். நோயின் பெயரையே மாற்ற அறிஞர் முன்வந்திருக்க, நாம் ஒரு வினாவையேனும் அடக்கலாகாதா? நெடுநாள் அரிப்பினால் வருந்துவோரைக் காணின், அருவிக்கு அழைத்துச் செல்லினும் செல்க; அதற்கு முன்னர் ஈரற் சோதனைக்கு அழைத்துச் செல்க.