ஓஹையோ ஆற்றங்கரையில் கால்பந்து வசந்தம்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஓஹையோ ஆற்றின் தென்கரையில் இருக்கிறது ஹண்டிங்டன். அக்கரை ஓஹையோ மாநிலம். மேற்கே கொஞ்ச தூரம் போனால் கென்டக்கி. 1937இல் ஆறு ஊருக்குள் புகுந்து அழித்த பிறகு கட்டிய வெள்ளத் தடுப்புச் சுவர் இன்றும் கரையோரம் நீள்கிறது. ஊரின் பெயரே ஒரு ரயில் முதலாளியின் பெயர்தான். காலிஸ் ஹண்டிங்டன் என்பவர் தன் ரயில் பாதை ஆற்றைத் தொடும் இடத்தில் ஒரு நகரம் வேண்டும் என்று முடிவு செய்தார்; 1871இல் நகரம் பிறந்துவிட்டது. மலையில் வெட்டிய நிலக்கரி ரயிலில் வந்து இங்கே பார்ஜுகளில் ஏறி ஆற்றோடு போகும். தண்டவாளம் இன்றும் ஊரை இரண்டாகப் பிளக்கிறது. அதற்கு அடியில் உள்ள சுரங்கப் பாதைகள் வழியாகத்தான் ஒரு பாதி ஊர் மறு பாதிக்குப் போய்வருகிறது.

1950இல் இங்கே 86,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 47,000 பேர்கூட இல்லை. ஆலைகள் மூடின, நிலக்கரிக்கு ஆள் தேவை குறைந்தது, படித்த பிள்ளைகள் வண்டி ஏறினார்கள். ஊரைத் தாங்கிப் பிடித்து நிற்பவை மருத்துவமனைகளும் மார்ஷல் பல்கலைக்கழகமும்தான்.

மார்ஷலின் பச்சை நிறத்துக்கு இந்த ஊரில் தனி அர்த்தம் உண்டு. 1970 நவம்பர் 14 இரவு, வட கரோலினாவில் ஆடிவிட்டுத் திரும்பிய பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் விமானம் ஊருக்குப் பக்கத்து மலைச்சரிவில் விழுந்தது. ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், கூடப் போன ஊர்ப் பிரமுகர்கள் என 75 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. (ஃபுட்பால் என்றால் அங்கே முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. காலால் ஆடும் நம் கால்பந்துக்கு சாக்கர் என்று பெயர் வைத்து ஓரமாக உட்கார வைத்திருக்கிறார்கள்.) அடையாளம் காண முடியாத ஆறு ஆட்டக்காரர்களை ஸ்பிரிங் ஹில் இடுகாட்டில் சேர்த்துப் புதைத்தார்கள். வளாகத்தின் நடுவே ஒரு நினைவு நீரூற்று இருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பர் 14 அன்று அதன் தண்ணீரை நிறுத்துவார்கள். வசந்தத்தில்தான் மறுபடி திறப்பார்கள்.

விபத்துக்கு மறுநாள் ஊரே கூடி அழுதது வெடரன்ஸ் மெமோரியல் ஃபீல்ட்ஹவுஸ் என்ற உள்ளரங்கில். 2012இல் அதை இடித்தார்கள். அந்த மனையில் மறு ஆண்டு எழுந்ததுதான் மார்ஷலின் கால்பந்து மைதானம். ஃபுட்பால் ஸ்டேடியத்தில் முப்பதாயிரம் பேருக்கு இடம் என்றால், இது அதற்கு முன்னால் ஒரு கொல்லைப்புறம்தான். இங்கே ஆடியவர்கள்தான் 2021 மே மாதம் ஊரைத் தலைநிமிர வைத்தார்கள்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ஒரு விநோதமான பிராணி. மற்ற உலகத்தில் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து மேலே ஏறும்; இங்கே 45இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும். வெளியே போன ஆட்டக்காரர் சில நிபந்தனைகளோடு மறுபடி உள்ளே வரலாம். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பருக்குள், வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்ற கணக்கில், லீக் ஆட்டங்களை அவசர அவசரமாக முடித்துவிடுவார்கள். டிசம்பர் குளிரில் தேசியப் பட்டத்துக்கான இறுதி ஆட்டம். பணமும் அளந்துதான். ஃபுட்பால் அணிக்கு 85 உதவித்தொகைகள் அனுமதி என்றால் ஆண்கள் கால்பந்துக்கு 9.9. 2025இல் விதிகள் மாறும்வரை இதுதான் உச்சவரம்பு. அந்த மீதி 0.1 என்ன பாவம் செய்தது என்று தெரியவில்லை. இருபத்தைந்து முப்பது பேர் கொண்ட அணிக்கு இதைத்தான் கால், அரை, முக்கால் என்று பயிற்சியாளர் பங்கு போட வேண்டும்.

கிறிஸ் கிராஸி இந்தக் கணக்கில் தேர்ந்தவர். இங்கிலாந்துக்காரர். மேற்கு வர்ஜீனியாவின் ஒரு சிறு கல்லூரிக்கு ஆட வந்தவர், அந்த மாநிலத்திலேயே பயிற்சியாளராகி, 2017இல் மார்ஷலுக்கு வந்து சேர்ந்தார். அதுவரை மார்ஷல் கால்பந்து அணி தேசியப் போட்டிக்குள் ஒருமுறைகூட நுழைந்ததில்லை. கிராஸி ஆள் தேடியது கடல் கடந்து. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் சிறுவர்களை எட்டு, பத்து வயதில் எடுத்து வளர்த்து, பதினெட்டில் பெரும்பாலோரை ‘போய் வா’ என்று அனுப்பிவிடுகின்றன. படிப்பைப் பாதியில் விட்டுப் பந்தை நம்பிய அந்தப் பையன்களுக்கு அமெரிக்கக் கல்லூரி இரண்டாவது வாசல்: பட்டமும் கிடைக்கும், ஆட்டமும் தொடரும். இங்கிலாந்து, ஜெர்மனி, பிரேசில் என்று வந்து சேர்ந்தார்கள். 2019இல் மார்ஷல் முதன்முறையாகத் தேசியப் போட்டியில் ஆடியது.

‘உள்ளூர்ப் பையன்களுக்குப் போக வேண்டிய உதவித்தொகை வெளிநாட்டானுக்கா?’ என்ற முணுமுணுப்பு அமெரிக்கா முழுக்க உண்டு. அதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 9.9இல் ஒரு பங்கு வெளியே போனால் உள்ளூர்ப் பையன் ஒருவனுக்கு அந்தக் கதவு மூடுகிறது. ஆனால் ரசிகனின் நியாயம் வேறு. மலப்புறத்தில் செவன்ஸ் ஆட்டத்துக்கு வரும் ஆப்பிரிக்க இளைஞனை இரண்டாவது கோலுக்குப் பிறகு யாரும் அந்நியன் என்பதில்லை. ஹண்டிங்டனிலும் அதுவே நடந்தது.

2020இல் கொரோனா வந்து எல்லாவற்றையும் கலைத்தது. இலையுதிர்காலப் பருவம் வசந்தத்துக்குத் தள்ளிப் போனது. தேசியப் போட்டிக்கான அணிகள் 48இலிருந்து 36 ஆகக் குறைந்தன. ஊர் ஊராகப் போகாமல் எல்லா ஆட்டங்களும் வட கரோலினாவில் என்று முடிவானது. தரவரிசை பெற்ற அணிகளின் பட்டியலில் மார்ஷல் இல்லை.

அந்த வசந்தம் மேற்கு வர்ஜீனியாவுக்கு நல்ல செய்தியாக எதையும் கொண்டுவரவில்லை. ஏப்ரல் கடைசியில் மக்கள்தொகைக் கணக்கு வெளியானது: நாட்டிலேயே அதிக விகிதத்தில் ஆட்களை இழந்த மாநிலம் இதுதான், நாடாளுமன்றத்தில் இருந்த மூன்று இடங்களில் ஒன்று பறிபோயிற்று. மே 3 அன்று மாநிலத் தலைநகர் சார்ல்ஸ்டனில் ஒரு வழக்கு விசாரணை தொடங்கியது. வலி மாத்திரைகளைக் கோடிக்கணக்கில் கொண்டுவந்து கொட்டி ஊரைப் போதையில் மூழ்கடித்ததாக மூன்று பெரிய மருந்து விநியோக நிறுவனங்கள் மீது ஹண்டிங்டன் நகரமும் அது இருக்கும் கேபெல் கவுண்டியும் தொடுத்த வழக்கு. மாத்திரைக்குப் பிறகு ஹெராயின் வந்தது. 2016 ஆகஸ்டில் ஒரே நாளில், சுமார் நான்கு மணி நேரத்துக்குள், இந்தச் சின்ன ஊரில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போதை மிகுந்து சுருண்டு விழுந்தார்கள். நாட்டின் பத்திரிகைகள் ஹண்டிங்டனைத் தேடி வந்தது அப்போதுதான். ஊருக்கு அவர்கள் சூட்டிவிட்டுப் போன பட்டங்களை இங்கே யாரும் விரும்பி உச்சரிப்பதில்லை.

விசாரணை நடந்துகொண்டிருந்த அதே நாட்களில் வட கரோலினாவில் பச்சைச் சட்டைகள் ஒவ்வொரு படியாக ஏறின. முதலில் ஃபோர்டம். அடுத்து போட்டியின் முதல் தரவரிசை அணியான கிளெம்சன். 1-1 சமநிலைக்குப் பிறகு பெனால்டியில் அதை வீட்டுக்கு அனுப்பியது மார்ஷல். காலிறுதியில் நடப்புச் சாம்பியன் ஜார்ஜ்டவுன் 1-0. அரையிறுதியில், சொந்த மாநிலத்தில் ஆடிய வட கரோலினா பல்கலைக்கழகம் 1-0. கூடையில் பழம் எடுப்பது போல் ஒவ்வொரு கோலாக, தேவைக்கு மேல் ஒன்றுகூட இல்லாமல்.

இறுதி ஆட்டம் மே 17 அன்று கேரி நகரில். எதிரே இண்டியானா, எட்டு முறை தேசியப் பட்டம் வென்ற அணி. கல்லூரிக் கால்பந்தில் அந்தப் பெயருக்கு நம் சந்தோஷ் டிராபியில் வங்காளத்துக்கு உள்ள மரியாதை. ஹண்டிங்டனிலிருந்து கேரிக்குக் காரில் ஐந்தாறு மணி நேரம். கொரோனா விதிகளால் சுருக்கப்பட்ட கூட்டத்தில் பச்சையே மேலோங்கித் தெரிந்தது. தொண்ணூறு நிமிடத்தில் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்த கணமே ஆட்டம் முடிந்துவிடும் என்பது அப்போதைய விதி. 98ஆம் நிமிடத்தில் கோல்கீப்பரிடமிருந்து திரும்பி வந்த பந்தை ஜமில் ராபர்ட்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் வலைக்குள் தள்ளினார். மார்ஷல் சாம்பியன். இளைஞர்கள் விட்டுப் போகும் மாநிலத்துக்கு, வெளியிலிருந்து வந்த இளைஞர்கள் வாங்கிக் கொடுத்த பட்டம்.

கோப்பை வந்ததால் மூடிய ஆலை எதுவும் திறக்கவில்லை. 2022 ஜூலையில் நீதிமன்றம் மருந்து நிறுவனங்களின் பக்கமே தீர்ப்பளித்தது. நகரம் மேல்முறையீட்டுக்குப் போனது. அந்த ஆண்டே மார்ஷல் சன் பெல்ட் என்ற வேறு லீக்குக்கு மாறியது.

2024 டிசம்பர் 16 அன்று மார்ஷல் மீண்டும் இறுதி ஆட்டத்துக்கு வந்தது, அதே கேரிக்கு. இம்முறை எதிரே வெர்மான்ட். தரவரிசையில் இல்லாமல் ஏறி வந்த அணி. மார்ஷல் முதலில் கோல் போட்டது. 81ஆம் நிமிடத்தில் வெர்மான்ட் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில், 95ஆம் நிமிடத்தில், வெர்மான்டின் மேக்ஸ் கிஸ்ஸல் முன்னேறி வந்த மார்ஷல் கோல்கீப்பரைக் கடந்து பந்தை வலைக்குள் அனுப்பினார். பச்சைச் சட்டையும் பச்சைச் சட்டையும் மோதிய இறுதி ஆட்டம் அது. வெர்மான்டின் நிறமும் பச்சைதான். கொண்டாடிய பச்சை ஹண்டிங்டனுடையது அல்ல.