அருகிலிருக்கும் கல், தொலைவிலிருக்கும் கோப்பு

எக்ஸ்எம்எல் கோப்புகளைத் திருத்துவதற்கென்றே உள்ள மென்பொருள்களில் ஒரு கோப்புக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, நம் கணினியின் வட்டில் கிடப்பதைத் திறப்பது. மற்றது, முகவரியைக் கொடுத்து எங்கோ ஒரு வழங்கியில் இருப்பதைத் திறப்பது. ருமேனியாவில் உருவாகி 2002 முதல் வெளிவரும் ஆக்சிஜன் திருத்தியில் இரண்டாவது வாசலுக்கு ‘ஓப்பன் யூஆர்எல்’ என்று பெயர். எந்த வாசல் வழியாக நுழைந்தாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: அதே கோண அடைப்புகள், அதே நிறங்கள், அதே வரி எண்கள். வேறுபாடெல்லாம் சாளரத்தின் விளிம்பில் சிறிய எழுத்தில் நிற்கும் முகவரியில் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை.

களமருதூரில் இருந்துகொண்டு இதைப் பற்றி யோசிக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வட்டாரம் கல்வெட்டுகளால் ஆனது. சுந்தரர் பிறந்த திருநாவலூர் பக்கத்தில். தக்கோலத்தில் 949இல் மாண்ட இராசாதித்தன் படையோடு தங்கியிருந்த ஊர் அது. அவன் பெயரால் இராசாதித்தபுரம் என்றும் வழங்கியது. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில், அதியமான் நெடுமான் அஞ்சியைச் சதியபுதன் என்று சொல்லும் தமிழ் பிராமி வரி 1981இல் வெளிப்பட்டது. கற்கள் இங்கே இருக்கின்றன. கற்களைப் படித்த பாடங்களோ பயணம் போய்விட்டன. மைப்படிகள் மைசூருக்குப் போயின. அச்சுப் பாடங்கள் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளில் ஏறின. 2019இல் தொடங்கிய ‘தர்மா’ என்னும் ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளையும் எக்ஸ்எம்எல் கோப்புகளாக்கி, யாரும் எடுத்துப் படிக்கும்படி கிட்ஹப்பில் வைத்திருக்கிறது. ஆக, எனக்குக் கல் உள்ளூர், கோப்பு வெளியூர். பாரிசிலோ பெர்லினிலோ அமர்ந்திருக்கும் ஆய்வாளருக்கு நேர்மாறு.

(வெளியூர்க் கோப்பைத் தேடும்போது திருநாவலூர் என்று தட்டினால் மட்டும் போதாது. பழைய பதிப்புகளில் அது திருநாமநல்லூர்.)

அந்தக் கோப்புகளில் எழுத்து சிதைந்த இடத்துக்கு ‘கேப்’ என்றொரு குறி இடுவார்கள். ஐயத்தோடு படித்ததற்கு ‘அன்கிளியர்’. பதிப்பாசிரியர் தாமே ஊகித்து நிரப்பியதற்கு ‘சப்ளைடு’. இந்த மூன்றையும் பிரித்துக் காட்டுவதற்காகவே எக்ஸ்எம்எல் வேண்டியிருக்கிறது. அச்சுப் புத்தகத்தின் புள்ளிகளும் சதுர அடைப்புகளும் தொகுதிக்குத் தொகுதி பொருள் மாறுபவை. ஒரு ‘சப்ளைடு’ குறி தவறிப்போனால் ஊகம் கல்லாகிவிடும். பிறகு வருகிறவர் அதை ஒரு சோழ அதிகாரி சொன்னதாகவே மேற்கோள் காட்டுவார்.

ஆகவே எங்கே சேமிக்கிறோம் என்பது சிறிய கேள்வி அன்று. பொதுவாக இணைய முகவரியில் திறந்த கோப்பைப் படிக்க மட்டுமே முடியும். ஆனால் எஃப்டிபி, எஸ்எஃப்டிபி, வெப்டாவ் வழியாக எழுதும் உரிமையும் கையில் இருந்தால், சேமிப்பு விசையைத் தட்டியதும் மாற்றம் நேரே வழங்கிக்குப் போய்விடும். மடத்து ஏட்டை இரவல் வாங்கிவந்து, நம் பிரதியில் எழுதவேண்டிய திருத்தத்தை அந்த ஏட்டிலேயே கீறுவதைப் போன்றது இது. இருவர் ஒரே நேரத்தில் திறந்திருந்து, வழங்கி பூட்டு எதுவும் போடாவிட்டால், கடைசியில் சேமித்தவர் பாடமே நிற்கும். முந்தியவர் உழைப்பு தடமின்றிப் போகும். உள்ளூரில் படி எடுத்துவைத்துக்கொண்டால் இந்த ஆபத்து இல்லை, ஆனால் படி பழசாகும். என் விருப்பம் கிட் முறைதான்: முழுத் தொகுப்பையும் இறக்கி, வட்டிலேயே திருத்தி, யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்ற பதிவோடு திருப்பி அனுப்புவது. சற்றுச் சுற்றுவழி, ஆனால் நேர்மையானது.

இன்னொரு விந்தை. வட்டில் இருக்கும் கோப்பும் முழுக்க உள்ளூர்க் கோப்பு அன்று. அதன் தலைப்பகுதியில், அதன் இலக்கண விதிகள் இருக்கும் இடமாக ஓர் இணைய முகவரி இருக்கலாம். கோப்பு சரியா என்று சோதிக்க நேரும்போதெல்லாம் திருத்தி அங்கே ஓடும். இப்படிப் பற்பல நிரல்கள் ஓடிவந்ததில், ஒரு நாளைக்கு 13 கோடி வரை வேண்டுகோள்கள் வருவதாக டபிள்யூ3சி 2008இல் முறையிட்டது. மாறாத ஒன்றை உலகமே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது! தீர்வு எளிது: விதிகளை ஒருமுறை இறக்கிவைத்து, ‘அந்த முகவரி கேட்டால் இந்தக் கோப்பைக் கொடு’ என்று எக்ஸ்எம்எல் கேட்டலாக் என்னும் பட்டியலில் எழுதிவிடலாம். மழைக்கு இணையம் அறுந்துபோகும் எங்களைப் போன்றவர்களுக்கு இது ஆடம்பரம் அல்ல.

எழுத்துக் குறியாக்கமும் தொல்லைதான். எக்ஸ்எம்எல் 1.0 வெளியானது 1998 பிப்ரவரியில். அதற்குச் சில வாரங்களுக்கு முன், அதே ஆண்டின் பொங்கல் நாளில், மதுரைத் திட்டம் தொடங்கியது. அதன் தொடக்க கால மின்னூல்கள் யூனிகோடில் இல்லை. குறியாக்கம் எதுவென்று சொல்லாத கோப்பை யூடிஎஃப்-8 என்றே எக்ஸ்எம்எல் திருத்தி கொள்ளும். ஆதலால் திஸ்கியில் தட்டிய பழைய பாடத்தை மாற்றாமல் அப்படியே உள்ளே ஒட்டினால் தமிழ் வராது.

இப்போது என் வழக்கம் இது. கோப்பைப் படியெடுத்துக் கைபேசியில் ஏற்றிக்கொள்கிறேன். வெயில் சாய்வாகச் சுவரில் விழும் மாலையில் கோயிலுக்குப் போகிறேன். உச்சிவேளையில் எந்த எழுத்தும் தெளியாது. ‘கேப்’ என்று குறித்த இடத்தில் விரலை வைத்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் சுண்ணாம்பு. சில இடங்களில் அதன் அடியில் ஒரு கொம்பும் ஒரு காலும் தட்டுப்படுகின்றன. அவற்றை ‘அன்கிளியர்’ என்று குறித்து, நிழற்படத்தோடு அனுப்புகிறேன்.