மழையும் கலனின் வாயும்

கணிதத்துறையார்க்கே உரியனவெனக் கருதப்படும் வினாக்களுட் சில கலைப்பீட மாணவரையும் சிந்திக்கவைத்துவிடுகின்றன. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் தம்பி கடந்த மாரி விடுமுறையில் அத்தகைய வினாவொன்றை என்னிடம் கொணர்ந்தான். ஒரே உயரமுடைய இரு உருளைக் கலன்கள். ஒன்று ஒடுங்கியது, மற்றையது அகன்றது. ஒரே மழையில் அவற்றைத் திறந்த வெளியில் வைத்தால் எது முந்தி நிரம்பும்?

அகன்ற கலன் மிகுதியான நீரை ஏந்தும்; ஆயினும் அது நிரம்புதற்கு வேண்டிய நீரும் மிகுதியே. வாய் எத்தனை மடங்கு பெரிதோ, கொள்ளளவும் அத்தனை மடங்கு பெரிது. ஆகவே இரண்டும் ஒருங்கே நிரம்பும். சுவர் நிமிர்ந்து நில்லாத கலன்களில் விடை மாறும். வாய் அகன்று அடி ஒடுங்கியது விரைவில் நிரம்பும். வாய் ஒடுங்கி வயிறு பருத்தது தாமதிக்கும். எங்கள் தாயார் கணிதம் பயின்றவரல்லர். எனினும், "குடத்தை வைச்சால் விடியும் மட்டும் நிரம்பாது தம்பி, கிடாரத்தை வை" என்று அவர் சொல்வதில் இவ்வுண்மை முழுவதும் அடங்கியுள்ளது.

முன்னோரும் இதனை அறிந்திருந்தனர். நம் பஞ்சாங்கங்கள் மழையை மரக்காலாற் கூறுகின்றன. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் துரோணம் என்னும் முகத்தலளவையாற் கூறுகின்றது. கொள்ளளவைக் கூறுமிடத்து, ஏந்திய வாயின் அளவையும் கூறுதல் வேண்டுமன்றோ? பண்டகசாலையில் வைக்கும் மழைமானியின் வாய் ஒரு முழ அகலமாதல் வேண்டுமென அந்நூல் விதித்தமைக்குக் காரணம் இதுவே. 1441 ஆம் ஆண்டளவிற் கொரியாவிற் செஜோங் மன்னர் காலத்தில் மழைநீரின் ஆழத்தை அளக்கும் முறை தோன்றியது. நேர்ச்சுவருடைய கலனில் ஆழத்தை அளந்தால் வாயின் அகலம் பொருட்டன்று. இன்றைய மில்லிமீற்றர்க் கணக்கும் இவ்வடிப்படையிலேயே அமைந்தது. ஒரு சதுர மீற்றர்ப் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர் சேரும்.

இவ்வளவும் ஏட்டறிவு. திருகோணமலை உட்துறைமுகத்தை அண்டிய எங்கள் வீட்டுக் கிணறோ கோடையில் உவர்க்கும். குடிநீர்க் குடங்களைச் சுமப்பவர் தாயார். ஆதலால் வினாவை எங்கள் கூரைமீது ஏற்றிப் பார்த்தோம். பத்து மீற்றர் நீளமும் ஐந்து மீற்றர் அகலமும் கொண்ட தகரக் கூரை. அதன் வாய் 50 சதுர மீற்றர். இங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடைப்பட்டது. சிந்துவதையும் ஆவியாவதையும் கழியாது பார்த்தால் 80,000 லீற்றர்! பீலியின் கீழ் நாம் வைத்திருந்ததோ 200 லீற்றர்ப் பரல் ஒன்று. நான்கு மில்லிமீற்றர் மழையில் அது நிரம்பிவிடும். மிகுதி யாவும் வீதி வழியே கடலைச் சேரும்.

குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் எனக் கொள்வோம். ஐவர்க்கு 240 நாட்களுக்கு வேண்டியது 6,000 லீற்றர். அதனைத் தருதற்கு இக்கூரைக்கு 120 மில்லிமீற்றர் மழை போதும். மாரி முழுவதும் வேண்டியதில்லை.

ஆகவே எங்கள் வீட்டிற் குறைவாயிருந்தது மழையன்று. மழையை ஏந்த வாய் இருந்தது, ஏந்தியதைத் தாங்க வயிறு இருக்கவில்லை. இக்கணக்கைக் கேட்ட தாயார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், சீட்டுக் காசில் ஒரு சீமெந்துத் தொட்டி கட்ட எவ்வளவு செல்லுமென வினவினார். அக்கணக்கையும் தம்பியே இப்போது போட்டுக்கொண்டிருக்கின்றான்.